மைனஸ் பதினெட்டு

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குச் சந்தை மலியும்.
மழை இருட்டினால் இன்னும் மலியும்.
வெள்ளவத்தை மாக்கெற்றுக்கு
நான் அந்த நேரம் பார்த்துத்தான் போவேன்.
தார்ப்பாய் சுருட்டும் கை
எண்ணாமல் அள்ளித் தரும்:
காம்பு கறுத்த கறிமிளகாய்,
ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி,
நாளைக்கு நிற்காத வல்லாரை நாலு கட்டு,
அம்பது ரூபாய் கழித்து ஓர் ஈரப்பலாக்காய்.

ஐந்தாம் மாடி. லிப்டுக்கு இன்றைக்கும் லீவு.

பெட்டி எங்களுடையதல்ல முதலில்;
கொட்டாஞ்சேனையில் கடை பூட்டிய ஒருவர்
ஐஸ்பழம் விற்றது.
மூடியில் பாதி கிழிந்த கூம்பு ஒன்று
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.
அதற்குக் கீழே எங்கள் ஆறு வாரம்.

ஈரப்பலாவைக் கீறி, ஒரு கொதி, வடித்து, துடைத்து.
ஈரம் இருந்தால் பனி கடிக்கும்.
தேங்காய்ப்பூவை அப்பளமாய் அழுத்தினால்
வேண்டிய அளவுக்கு ஒடித்தெடுக்கலாம்.
தக்காளி முழுசாகவே போகட்டும்;
உறைந்தபின் தண்ணீர் காட்டினால்
சட்டையைத் தானே கழற்றும்.
இறால் தலைகளுக்கு ஒரு பை.
லீக்ஸின் பச்சை வால், கொத்தமல்லித் தண்டு,
கரட் தோல் எல்லாம் இன்னொன்றில்.
அது நிரம்பும் நாள் சூப் நாள்.

பகலில் வங்கியில் கணக்குச் சரிபார்ப்பவள்,
இரவில் இதற்கும் ஒரு பேரேடு வைத்தேன்.
பெயர், திகதி, எத்தனை பேருக்கு.
உக்கும் குப்பை எடுக்கும் லொறிக்கு
முன்பு இரண்டு வாளி.
இப்போது ஒன்று, அதிலும் பாதி.
மூடியைத் தூக்கிப் பார்த்து
"ஊரில் இல்லையா?" என்று
சிங்களத்தில் கேட்டார் லொறிக்காரர்.
அந்த வாரம் முழுக்க நடை நிமிர்ந்திருந்தது.

மின்சாரக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தேன்.
மூன்று மாதத்தில் இரண்டு மாதம் நட்டம்.
அதைத் தயாளராஜுக்குச் சொல்லவில்லை.

அவர் துறைமுகத்தில், இழுவைப் படகில்.
அவர் எழுதும் லேபல்கள்:
"ஏதோ பச்சை."
"போன கிழமைக் கறி, பரவாயில்லை."
"பஸ்மியாவின் இறைச்சி, தொடாதே."
கடைசி லேபல் மட்டும் ஒழுங்கு.
ஹஜ்ஜுப் பெருநாளில் மூன்றாம் மாடிப் பெட்டி நிரம்பினால்
எங்கள் இடது மூலை அவர்களுக்கு.
மாடு சாப்பிடாத வீட்டில்
ஒரு மாதம் மாடு குடியிருக்கும்.
வாடகை ஒரு கிண்ணம் வட்டிலப்பம்.

நேற்று மழை.
பம்பலப்பிட்டியில் பஸ் ஒரு மணித்தியாலம் அசையவில்லை.
செருப்பு வார் அறுந்தது.
ஒற்றைக் காலில் இருந்த செருப்போடு
ஐந்து மாடி.
சமைக்க மனமில்லாமல் அடியைச் சுரண்டினேன்.
பனி பிடித்த வெள்ளைக் கல் ஒன்று.
பேரேட்டில் இல்லை. திகதி இல்லை.
அவர் கையெழுத்து:
"அவசரத்துக்கு."

என்ன அவசரம்?
காய்ச்சலா, விருந்தாளியா, விலைவாசியா?
கேட்கலாமென்றால்
கப்பல் இழுக்கும் நேரத்தில் போன் எடுக்கமாட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
செருப்பைப் பார்த்தேன்.
அது போதும் என்று தீர்மானித்தேன்.

தண்ணீரில் வைத்தபின்
முதலில் வந்தது வெந்தயம்.
பிறகு பச்சைமிளகாய்.
சொதி.
பாரைத் துண்டு ஒன்று, ஒரேயொன்று.
யாருடைய அவசரத்துக்கு ஒதுக்கினார்
என்று அது சொல்லவில்லை.
பால் திரிந்து இரண்டாய் நின்றது;
இளஞ்சூட்டில் கிளறக் கிளற
சேர்ந்துகொண்டது, ஏறக்குறைய.

பாணோடு தின்றேன். முள்ளைத் தவிர
வாளிக்கு ஒன்றும் இல்லை.

பையைக் கழுவிக் கொடியில் போட்டேன்.
எழுத்து போகவில்லை.
சவர்க்காரம், எலுமிச்சைத் தோல், நகம்,
ஒன்றுக்கும் அசையவில்லை.

இருக்கட்டும்.
வல்லாரை இன்னும் ஒரு கட்டு மிச்சம்.
அரைத்து இதற்குள்ளேயே போடலாம்.